சும்மா கிடந்தால் சதையும் கரையும்!

கும்பமேளா நடக்கும் ஊர்களில் ஒரு வகைச் சாமியார்களைக் காணலாம்.

அவர்களுடைய ஒரு கை, தலைக்கு மேலே தூக்கியபடியே இருக்கும். காலையில் பார்த்தாலும் அப்படித்தான். மாலையில் பார்த்தாலும் அப்படித்தான். வருடக்கணக்கில் அந்தக் கை கீழே இறங்குவது இல்லை.

இவர்களுக்கு "ஊர்த்துவபாகு" என்று பெயர். "கையை உயரத் தூக்கியவர்" என்று பொருள். இது ஒரு கடுந்தவம்.

தொடக்கத்தில் கை பயங்கரமாக வலிக்கும். போகப் போக மரத்துவிடும். சில வருடம் கழிந்தால், அந்தக் கை காய்ந்த குச்சிபோல் மெலிந்துவிடும். தோள்மூட்டு இறுகிவிடும். அதன் பிறகு அவரே விரும்பினாலும் கையைப் பழையபடி கீழே இறக்க முடியாது!

அந்தக் கையை யாரும் அடிக்கவில்லை. எலும்பு முறியவில்லை. நோய் எதுவும் தாக்கவில்லை.

அசைக்கவில்லை. அவ்வளவுதான்!

வீட்டுக்குள் ஒரு தவம்

சாமியார் தெரிந்தே இந்தத் தவத்தைச் செய்கிறார். ஆனால், இதே தவம் பல வீடுகளில் தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறது.

குளியல் அறையில் பாட்டி வழுக்கி விழுந்துவிடுகிறார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. இடுப்பில் வலி மட்டும் இருக்கிறது.

"அம்மா! நீங்கள் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது. என்ன வேண்டுமோ சொல்லுங்கள். நாங்கள் கொண்டு வருகிறோம்" என்கிறான் மகன்.

காபி கட்டிலுக்கு வருகிறது. சோறு கட்டிலுக்கு வருகிறது. மருமகள் ஊட்டிவிடுகிறாள். பேத்தி கால் பிடித்துவிடுகிறாள். அக்கம்பக்கத்தார், "பிள்ளை என்றால் இப்படி அல்லவா இருக்கவேண்டும்!" என்று பாராட்டுகிறார்கள்.

ஒரு மாதம் ஆகிறது. வலி போய்விட்டது. "இனி நடக்கலாம்" என்று பாட்டியை எழுப்புகிறார்கள். பாட்டியால் நிற்க முடியவில்லை! முழங்கால் மடங்கிப் போகிறது. கால் நடுங்குகிறது.

"வயதாகிவிட்டது. இனி அவ்வளவுதான்" என்று எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள்.

பாட்டிக்கு ஒரே மாதத்தில் வயதாகிவிடவில்லை. அவருடைய காலைப் பறித்தது வயது மட்டும் அல்ல; கட்டிலும்தான். அன்பினால் அவரைக் கட்டிலில் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

ஓய்வு நல்ல மருந்து. ஆனால், எல்லா மருந்தையும் போல அதற்கும் அளவு உண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது ஓய்வுக்கும் பொருந்தும்.

சதை என்பது மண் சுவர்

மனித உடம்பில் 600-க்கும் அதிகமான தசைகள் இருக்கின்றன. இவற்றைத்தான் "சதை" என்கிறோம். நல்ல உடல்கட்டு உள்ள ஒரு மனிதனின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சதைதான்.

இந்தச் சதை ஒரு முறை கட்டி முடித்த கல் கட்டடம் அல்ல. அது மண் சுவர் போன்றது.

கிராமத்தில் மண் சுவர் வைத்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். மழையில் சுவர் கொஞ்சம் கரையும். உடனே வீட்டுக்காரர் மண் குழைத்துப் பூசிவிடுவார். கரைவதும், பூசுவதும் மாறி மாறி நடக்கும். அதனால் சுவர் நிற்கும்.

சதையும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் பழைய புரதம் கொஞ்சம் கரைகிறது. புதிய புரதம் பூசப்படுகிறது. "இங்கே வேலை இருக்கிறது. பூசு!" என்று உடம்புக்கு உத்தரவு போடுவது எது தெரியுமா? அசைவுதான்! நடக்கும்போதும், குனியும்போதும், குடம் தூக்கும்போதும் அந்த உத்தரவு போகிறது.

அசைவு நின்றால், உத்தரவு நின்றுவிடும். பூசுவது குறைந்துவிடும். ஆனால், கரைவது நிற்காது.

"இருந்து தின்றால் மலையும் கரையும்" என்று பெரியவர்கள் சொன்னது பணத்தைப் பற்றி. அது சதைக்கும் சரியாக இருக்கிறது.

சதையில் நூல் போன்ற இழைகள் லட்சக்கணக்கில் உள்ளன. படுத்திருக்கும்போது அந்த நூல்கள் ஒவ்வொன்றும் மெலிகின்றன. கயிறு நூலாகிவிடுகிறது. இது கெடுதியிலும் ஒரு நல்லது. நூல் இருக்கும் வரை, அதை மறுபடியும் பருக்க வைக்க முடியும்.

24 வாலிபர்கள்

"எத்தனை நாள் சும்மா இருந்தால் சதை கரையும்? ஒரு மாதமா? இரண்டு மாதமா?"

இதைக் கண்டுபிடிக்க, நெதர்லாந்து நாட்டில் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2014-ல் வெளியாயிற்று.

24 வாலிபர்களைத் தேர்ந்து எடுத்தார்கள். எல்லோரும் திடகாத்திரமானவர்கள். அவர்களுடைய ஒரு காலுக்கு மட்டும் மாவுக்கட்டு போட்டார்கள். காலில் முறிவு எதுவும் இல்லை. சோதனைக்காகவே இந்தக் கட்டு!

12 பேருக்கு 5 நாள் கட்டு. மற்ற 12 பேருக்கு 14 நாள் கட்டு.

ஐந்தே நாளில் தொடைச் சதையின் பருமன் நூற்றுக்கு 3½ பங்கு குறைந்துவிட்டது. பலம் நூற்றுக்கு 9 பங்கு போய்விட்டது. 14 நாள் கட்டு போட்டவர்களுக்குச் சதை நூற்றுக்கு 8 பங்கு குறைந்தது. பலம் ஏறக்குறைய நூற்றுக்கு 23 பங்கு போய்விட்டது!

இரண்டு வாரத்தில், கால்வாசிப் பலம் போய்விட்டது. அதுவும் வாலிபர்களுக்கு!

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். சதை குறைந்ததைவிட, பலம் அதிகமாகக் குறைந்திருக்கிறது. ஏன்?

சதை தானாக வேலை செய்வது இல்லை. மூளையில் இருந்து நரம்பு வழியாகக் கட்டளை வருகிறது. சதை சும்மா கிடந்தால், கட்டளை வரும் பாதையும் மந்தமாகிவிடுகிறது. ஆள் நடக்காத ஒற்றையடிப் பாதையில் புல் முளைப்பதுபோல!

எந்தச் சதை முதலில் கரையும்?

நம்மை நிமிர்த்தி நிற்க வைக்கும் சதைகள்தான் முதலில் கரையும். தொடையின் முன்பக்கச் சதை, கெண்டைக்கால் சதை, முதுகுச் சதை ஆகியவை அவை.

நாம் நிற்கும் நேரம் முழுவதும் இவை பூமியின் இழுப்பை எதிர்த்துப் போராடுகின்றன. படுத்துவிட்டால் அந்தப் போராட்டம் நின்றுவிடுகிறது. வேலை அதிகம் செய்தவனுக்குத்தான், வேலை போனால் நஷ்டம் அதிகம்.

நாற்காலியில் இருந்து எழுந்திருக்கத் தொடையின் முன்பக்கச் சதைதான் முக்கியம். மாடிப்படி ஏறவும் அதுதான் தேவை. படுத்துக் கிடந்தவர்கள் எழும்போது "முழங்கால் விட்டுப் போகிறது" என்று சொல்வது இதனால்தான்.

முதியவர்களுக்கு நஷ்டம் இன்னும் அதிகம். அமெரிக்காவில் சுமார் 67 வயது உள்ள, நோய் இல்லாத சிலரை 10 நாள் படுக்கையில் வைத்துச் சோதித்தார்கள். அதன் முடிவு 2007-ல் வெளிவந்தது. பத்தே நாளில் அவர்களுடைய கால்களில் இருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ சதை கரைந்துவிட்டது!

கரடிக்கு உள்ள வரம்

அமெரிக்கக் காட்டில் உள்ள கருங்கரடி, குளிர் காலம் வந்தால் குகைக்குள் போய்ப் படுத்துவிடும். நாலைந்து மாதம் எழுந்திருக்காது. உண்ணாது, குடிக்காது.

130 நாள் இப்படிப் படுத்திருந்த கரடிகளைச் சோதித்தார்கள். அவற்றின் பலம் நூற்றுக்கு 23 பங்குதான் குறைந்திருந்தது. வாலிபர்கள் 14 நாளில் இழந்த பலத்தைக் கரடி இழக்க 130 நாள் ஆயிற்று!

கரடிக்கு இயற்கை கொடுத்த வரம் அது. மனிதனுக்கு அந்த வரம் இல்லை.

மூன்று வாரமா, முப்பது வருடமா?

1966-ம் வருடம், அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் ஒரு சோதனை நடந்தது. 20 வயது உள்ள 5 வாலிபர்கள் அதில் கலந்து கொண்டார்கள். அவர்களை 3 வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அவர்களை ஓட வைத்துப் பார்த்தார்கள். கடுமையாக உழைக்கும்போது உடம்பு பிராணவாயுவைப் பயன்படுத்தும் சக்தி, நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோயிருந்தது. பிறகு சுமார் 2 மாதம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். இழந்ததை எல்லாம் மீட்டுவிட்டார்கள்.

கதை இதோடு முடியவில்லை. 30 வருடம் கழித்து, அதே 5 பேரையும் தேடிப் பிடித்தார்கள். அவர்களுக்கு இப்போது 50 வயது. உடம்பு பருத்திருந்தது. மறுபடியும் சோதித்தார்கள்.

என்ன ஆச்சரியம்! 50 வயதில் அவர்களுக்கு இருந்த சக்தி, 20 வயதில் மூன்று வாரம் படுத்து எழுந்தபோது இருந்ததைவிடக் குறையவில்லை!

முப்பது வருட முதுமை செய்யாத கெடுதலை, மூன்று வாரப் படுக்கை செய்துவிட்டது.

மூட்டு ஏன் இறுகுகிறது?

சதை கரைவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கெடுதலும் நடக்கிறது. அது மூட்டுக்குள்ளே நடக்கிறது.

இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடம் மூட்டு. எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க, அவற்றின் நுனியில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அதைச் சுற்றி மூட்டு நீர் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு உறை மூடி இருக்கிறது.

உடம்பின் மற்றப் பாகங்களுக்கு ரத்தக் குழாய் வழியாகச் சாப்பாடு போகிறது. ஆனால், இந்தக் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாயே கிடையாது! பின் அதற்குச் சாப்பாடு எப்படிக் கிடைக்கிறது?

கடல் பஞ்சைத் தண்ணீரில் வைத்து அமுக்கினால், உள்ளே உள்ள தண்ணீர் வெளியே வரும். விட்டால், புதுத் தண்ணீரை உறிஞ்சும். குருத்தெலும்பும் அப்படித்தான். நடக்கும்போது அமுங்குகிறது, பிறகு விரிகிறது. மூட்டு நீரில் உள்ள சத்தை அப்போது உறிஞ்சிக்கொள்கிறது.

நடை நின்றால், அமுக்குவதும் இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. குருத்தெலும்பு பட்டினி கிடக்கிறது. மென்மையாகிறது, மெலிகிறது.

மூட்டு உறையும் சும்மா இருப்பது இல்லை. மடக்காமல், நீட்டாமல் வைத்திருந்தால், அது சுருங்கிவிடுகிறது. உறையின் மடிப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. மூட்டுக்குள் கொழுப்பும் நாரும் கலந்த ஒரு பொருள் வளர்ந்து இடத்தை அடைக்கிறது.

பல நாள் திறக்காத கதவின் கீலில் துருப் பிடித்துவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான் மூட்டும்.

நாரின் கதை

சதையை எலும்போடு கட்டுவது ஒரு நார். எலும்பை எலும்போடு கட்டுவது இன்னொரு நார். சதையைச் சுற்றி உறைபோல் இருப்பதும் நார்தான். இவற்றை எல்லாம் சேர்த்து "இணைப்புத் திசு" என்கிறார்கள்.

நல்ல நிலையில் இந்த நார் இழைகள், ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். இடையில் ஈரப்பசை இருக்கும். அசையாமல் வைத்தால், ஈரப்பசை குறைகிறது. இழைகளுக்கு நடுவே புதிய முடிச்சுகள் விழுகின்றன. வழுக்கிச் சென்ற இழைகள், சிக்கல் விழுந்த நூல்கண்டாகிவிடுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், நார் விறைப்பதால் அது பலம் பெறுவது இல்லை. பலவீனம் அடைகிறது!

1977-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. குரங்குகளின் காலை 8 வாரம் அசையாமல் கட்டி வைத்தார்கள். பிறகு முழங்காலுக்குள் உள்ள நாரைச் சோதித்தார்கள். அது அறுந்துபோகத் தேவையான இழுப்பு, நூற்றுக்கு 39 பங்கு குறைந்துவிட்டது. கட்டைப் பிரித்து ஒரு வருடம் ஆன பிறகும் பழைய பலம் முழுவதும் திரும்பவில்லை!

சதை சில மாதத்தில் தேறிவிடும். நாருக்கு இன்னும் அதிக காலம் தேவை. இதனால்தான், கட்டுப் பிரித்த உடனே ஓடி ஆடிக் குதிக்கக் கூடாது என்கிறார்கள்.

சதை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியம். பிரான்ஸ் நாட்டில் பூனைகளின் காலைக் கட்டிவைத்து ஒரு சோதனை செய்தார்கள். சதை சுருங்கிய நிலையிலேயே 4 வாரம் இருந்தது. அந்தச் சதையில், நீளத்தைக் கொடுக்கும் அறைகள் நூற்றுக்கு 40 பங்கு குறைந்துவிட்டன. சுருக்கி வைத்த சதை, "இனி எனக்கு இந்த நீளம் போதும்" என்று தன்னையே வெட்டிக்கொண்டது! இது 1972-ல் வெளியான செய்தி.

படுக்கையில் இருப்பவர்களுக்கு முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது பல வீடுகளில் வழக்கம். சுகமாகத்தான் இருக்கும். ஆனால், வாரக்கணக்கில் அப்படியே வைத்திருந்தால், முழங்கால் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். டாக்டர் சொன்னால் ஒழிய அப்படி வைக்கக் கூடாது. கனமான போர்வையால் பாதத்தை அமுக்கி வைப்பதும் நல்லது அல்ல. பாதம் கீழ்நோக்கி இறங்கி, குதிகால் நார் சுருங்கிவிடும்.

டாக்டர்கள் மாறினார்கள்

"எழுந்திருக்காதே" என்று சொன்னதற்காகப் பாட்டியின் மகனைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

1863-ல் லண்டன் டாக்டர் ஜான் ஹில்டன், ஓய்வின் பெருமையைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். லிவர்பூல் நகரத்து டாக்டர் ஹ்யூ ஓவன் தாமஸ், முறிந்த காலை அசையாமல் வைக்க ஒரு கம்பிச் சட்டத்தைக் கண்டுபிடித்தார். அந்தச் சட்டம், முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த சிப்பாய்கள் ஏராளமானவர்களின் உயிரைக் காப்பாற்றியது.

அதே காலத்தில் பிரான்ஸ் நாட்டில் லூக்கா சாம்பியோனியேர் என்ற டாக்டர், "சீக்கிரமே அசைக்கவேண்டும்" என்று வாதாடினார். அவர் பேச்சு அதிகம் எடுபடவில்லை.

ஆஸ்திரேலியாவில் எலிசபெத் கென்னி என்ற நர்சு இருந்தார். இளம்பிள்ளை வாதம் தாக்கிய குழந்தைகளின் கை கால்களை அந்தக் காலத்தில் அசையாமல் கட்டிப் போடுவார்கள். கென்னி கட்டுகளைப் பிரித்தார். வெந்நீரில் நனைத்த கம்பளித் துணியைச் சுற்றினார். பிறகு மெல்ல மெல்லக் கை கால்களை அசைக்கப் பழக்கினார். டாக்டர்கள் பலர் எதிர்த்தார்கள். 1940-ல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே அவருடைய முறை பரவியது. நோயைப் பற்றி அவர் கூறிய விளக்கங்கள் எல்லாம் சரி அல்ல. ஆனால், கட்டிப் போடுவது தவறு என்று அவர் சொன்னது நிலைத்துவிட்டது.

1947-ல், இங்கிலாந்து டாக்டர் ரிச்சர்டு ஆஷர், படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைமுதல் கால்வரை, படுக்கை செய்யும் கெடுதல்களை அதில் வரிசைப்படுத்தினார். இரண்டாவது உலகப் போரின்போது ஆஸ்பத்திரிகளில் படுக்கை போதாமல், நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நடக்கவைத்தார்கள். அதனால் அவர்கள் கெட்டுப் போகவில்லை, சீக்கிரம் தேறினார்கள்!

பிறகு கனடா நாட்டு டாக்டர் ராபர்ட் சால்டர், முயல்களின் மூட்டை இடைவிடாமல் மெதுவாக மடக்கி நீட்டும் எந்திரத்தைச் செய்தார். அசையாமல் கட்டி வைத்த மூட்டைவிட, அசைந்துகொண்டே இருந்த மூட்டில் குருத்தெலும்பின் காயம் நன்றாக ஆறியது. 1978 முதல் இந்த எந்திரத்தை மனிதர்களுக்கும் பயன்படுத்தினார்கள்.

விண்வெளி சொன்ன பாடம்

விண்வெளியில் பூமியின் இழுப்பு தெரிவது இல்லை. மனிதன் மிதக்கிறான். காலுக்கு வேலையே இல்லை. அதுவும் ஒரு வகையில் படுக்கைதான்.

1970 ஜூன் மாதம், ரஷ்யாவின் சோயுஸ்-9 கப்பலில் நிக்கோலயேவ், செவஸ்தியானோவ் என்ற இரண்டு வீரர்கள் பறந்தார்கள். சுமார் 18 நாள் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். கப்பலில் அவர்கள் போதிய தேகப்பயிற்சி செய்யவில்லை. பூமிக்கு வந்ததும் அவர்களால் நிற்கவும் நடக்கவும் முடியவில்லை! மற்றவர்கள் உதவவேண்டி வந்தது.

இன்னொரு ரஷ்ய வீரர், வலேரி பொலியாக்கோவ். அவர் ஒரு டாக்டர். 1994 ஜனவரியில் போனவர், 1995 மார்ச்சில்தான் திரும்பினார். மொத்தம் 437 நாள்!

மேலே இருந்தபோது அவர் பயிற்சியைக் கைவிடவில்லை. பூமியில் இறங்கியதும் கப்பலைவிட்டு வெளியே வந்தார். பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிக்குத் தாமே நடந்து போய் உட்கார்ந்தார்!

பதினெட்டு நாள் போனவர்களால் நிற்க முடியவில்லை. 437 நாள் போனவர் நடந்தார். இன்று விண்வெளி நிலையத்தில் உள்ளவர்கள் தினமும் சுமார் 2 மணி நேரம் தேகப்பயிற்சி செய்கிறார்கள்.

அப்படியானால் மாவுக்கட்டு எதற்கு?

"அசையாமல் இருப்பது இவ்வளவு கெடுதல் என்றால், மாவுக்கட்டைப் பிரித்துவிடலாமே?" என்று யாரும் அவசரப்படக் கூடாது.

முறிந்த எலும்பு ஒட்ட, அந்த இடம் ஆடாமல் இருக்கவேண்டும். கட்டை நாமே பிரித்தால், எலும்பு கோணலாக ஒட்டும். அல்லது ஒட்டாமலே போகும். கட்டு எத்தனை வாரம் இருக்கவேண்டும் என்று டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும்.

கட்டுக்குள் இருப்பது ஒரு பாகம்தான். மற்றப் பாகங்களுக்கு ஓய்வு தேவை இல்லை.

மணிக்கட்டில் கட்டா? விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டலாம். முழங்கையை மடக்கலாம். தோளைத் தூக்கி இறக்கலாம். கையைத் தூளியில் தொங்கவிட்டு மறந்துவிட்டால், எலும்பு ஒட்டும் நாளில் தோள் இறுகிப்போகும்.

காலில் கட்டா? கால் விரல்களை ஆட்டலாம். கட்டுக்குள்ளேயே தொடைச் சதையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விடலாம். மூட்டு அசையாது, ஆனால், சதைக்கு வேலை கிடைக்கும். இதை டாக்டரிடமோ, பயிற்சி சொல்லித் தருபவரிடமோ கேட்டுக்கொண்டு செய்யவேண்டும்.

கட்டுப் போட்ட பின் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எண்ணெய் போட்டு உருவலாமா?

கட்டுப் பிரித்த அன்று, மெலிந்த காலைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் அழுவது உண்டு. தோல் உலர்ந்து, செதில் செதிலாக இருக்கும். பயப்படவேண்டாம்.

ஆனால், இறுகிய மூட்டை ஒரே நாளில் மடக்கிவிட வேண்டும் என்று முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. படுத்திருந்த காலில் எலும்பும் பலம் குறைந்திருக்கும். முரட்டு இழுப்பில் அதுவே முறியக் கூடும்.

முழங்கை விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால், சதைக்குள்ளே எலும்பு வளர்ந்துவிடக் கூடும். பிறகு முழங்கை மடங்கவே மடங்காது!

மூட்டைத் தானே மடக்கிப் பழகுவதுதான் நல்லது. இன்று கொஞ்சம், நாளை இன்னும் கொஞ்சம். இழக்க எத்தனை நாள் ஆயிற்றோ, அதைவிட அதிக நாள் மீட்க ஆகும்.

கூடவே சாப்பாடும் முக்கியம். சுவர் பூச மண் வேண்டும். சதை வளரப் புரதம் வேண்டும். பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் அது இருக்கிறது. படுத்திருப்பவருக்குக் கஞ்சி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் போதாது.

பாட்டிக்கு எது உதவி?

விழுந்த முதியவரை முதலில் டாக்டரிடம் காட்டி, எலும்பு முறிவு உண்டா என்று பார்த்துவிட வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்திருந்தால், இப்போது பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆபரேஷன் செய்கிறார்கள். ஆபரேஷன் ஆன மறுநாளே பிடித்துக்கொண்டு நிற்கவைக்கிறார்கள். அதைப் பார்த்து, "ஈவு இரக்கம் இல்லாத டாக்டர்" என்று எண்ணக் கூடாது. அதுதான் உண்மையான இரக்கம்.

முறிவு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், படுக்கையை நீடிக்க விடக் கூடாது. முதலில் எழுந்து உட்காரட்டும். சாப்பாட்டை உட்கார்ந்தபடி சாப்பிடட்டும். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்கட்டும். வலி குறைய மாத்திரை உண்டு. வலி குறைந்த நேரத்தில் நடக்கலாம்.

படுத்தே இருக்கவேண்டியவர்களுக்கும் அசைவு தேவை. அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்லவேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீர் என்று மூச்சு வாங்கினாலோ, ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும்.

கையைத் தூக்கிய சாமியார், தம் கையைத் தாமே கடவுளுக்குக் கொடுத்தார். பாட்டி தம் காலை யாருக்கும் கொடுக்க விரும்பவில்லை. அவருக்குக் கோயிலுக்குப் போகவேண்டும். பேத்தி கல்யாணத்தில் பந்தலில் நிற்கவேண்டும்.

ஆகவே, நாளைக் காலையில் காபியைக் கட்டிலுக்குக் கொண்டு போகாதீர்கள். உங்கள் கையைக் கொடுங்கள். மெல்ல எழுப்புங்கள். மெதுவாக நடத்திக்கொண்டு வந்து, திண்ணையில் உட்காரவைத்துக் காபியைக் கொடுங்கள்.

பத்து அடிதான்! அந்தப் பத்து அடி அவர் காலைக் காப்பாற்றும்.